கொய்யா இலையும் பல் கிருமியும்: முதல் முறை பிளேட் போடுகிறவர்களுக்கு

டிசம்பர் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் நுண்ணுயிரியல் லேப் வாசலில் வருடாவருடம் ஒரே காட்சிதான். ஜவுளிக்கடைக் கட்டைப்பை நிறைய இலையோடு யாராவது ஒரு இறுதியாண்டு மாணவி நிற்பார். வேம்பு, துளசி, வெற்றிலை, கொய்யா, நொச்சி என்று இலை மாறும், தலைப்பு மாறாது. பல் சொத்தைக்குக் காரணமான பாக்டீரியாவை இந்த இலை தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பையோடு நின்றவள்தான். என் முதல் முயற்சி முழுசாகக் குப்பைக்குப் போனது. ஏன் போனது என்பதைச் சாறு எடுக்கும் இடத்தில் சொல்கிறேன்.

லேப்பில் ஆட்டோகிளேவும் இன்குபேட்டரும் இருக்கின்றன, கையில் இரண்டு மாதம் இருக்கிறது, அனுபவம் மட்டும் இல்லை. அப்படிப்பட்டவருக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குக் கொய்யா இலையை எடுத்துக்கொள்கிறேன். வேறு இலை என்றாலும் வேலை ஏறக்குறைய இதேதான். சுருக்கமாகச் சொன்னால், அகார் என்ற கெட்டிக்கூழ் ஊற்றிய தட்டில் (இதுதான் பிளேட்) கிருமியைப் பரப்பி, குழி குத்தி இலைச்சாறை ஊற்றுவோம். சாறு கிருமியைத் தடுத்தால் குழியைச் சுற்றி வளர்ச்சி இல்லாத வட்டம் தெரியும்.

எந்த இலை, எந்தக் கிருமி

இலையைத் தேர்ந்தெடுக்கும்போது ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்ற பழமொழியை முன்னுரையில் போட்டுவிட்டு அடுத்த வரியிலேயே இலைக்குத் தாவுகிறவர்கள் நிறைய. அந்தப் பழமொழி சொல்வது குச்சியை. குச்சியை மென்று தேய்க்கும்போது நார் பிரஷ் மாதிரி வேலை செய்து பல்லில் படிந்ததைச் சுரண்டுகிறது. அந்தப் பலனை இலைச்சாறின் கணக்கில் எழுத முடியாது. உங்கள் இலைக்கு வேறு காரணம் வேண்டும்.

கொய்யாவுக்கு அந்தக் காரணம் உண்டு. பல்வலி வந்தால் கொய்யாக் கொழுந்தை மெல்லச் சொல்வது நம் ஊர்களில் பழைய வழக்கம். வேதியியல் பக்கத்திலிருந்து பார்த்தால், இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். குவெர்செட்டினும் அதைச் சார்ந்த குவாஜாவெரின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் இருக்கின்றன. இவை பல் படலத்துப் பாக்டீரியாவின் மேல் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை. கூடவே, கொய்யா இலை வருடம் முழுக்கக் கிடைக்கும், காசும் கிடையாது. முதல் புராஜெக்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிருமி விஷயத்தில் ஒரு குறை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. தலைப்பில் ‘வாய் ஆரோக்கியம்’ என்று போட்டுவிட்டு, லேப்பில் இருக்கிறது என்பதற்காக ஈ.கோலையில் சோதிப்பார்கள். ஈ.கோலை குடலில் வாழ்வது. பல் சொத்தை என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்தான் முதலில் வரவேண்டும். அது நாம் சாப்பிடும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குகிறது. பல்லின் மேல் பி.எச். சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாது கரையத் தொடங்கும். போதாததற்கு, சுக்ரோஸிலிருந்து குளுக்கான் என்ற பசையைத் தயாரித்துப் பல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கிருமியின் கல்ச்சரை, அதாவது லேப்பில் வளர்த்துப் பாதுகாத்த கிருமியை, சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்திலிருந்து வாங்கலாம். எம்.டி.சி.சி. 890 என்ற ஸ்ட்ரெயினைத்தான் (கிருமியின் உள்வகையைத்தான்) இந்தியக் கட்டுரைகள் பலவற்றில் பார்ப்பீர்கள். துறை மூலமாக விண்ணப்பித்து, பணம் கட்டி, கிருமி அடைத்த ஆம்பூல் (சின்னக் கண்ணாடிக் குப்பி) தபாலில் வந்து சேர நாளாகும். ஆகவே இலை பறிப்பதற்கு முன்னாலேயே இதற்கு எழுதிவிடுங்கள். ‘என் தோழியின் சொத்தைப் பல்லிலிருந்தே எடுத்துக்கொள்கிறேனே’ என்று தோன்றும். மனிதரிடமிருந்து மாதிரி எடுத்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், எடுத்தது மியூட்டன்ஸ்தானா என்று உறுதி செய்யவே ஒரு மாதம் போகும். முதல் தடவைக்கு வேண்டாம்.

இலை

நல்ல வெயில் நாளில் காலை நேரத்தில், பூச்சி அரிக்காத முற்றிய இலையாகப் பறியுங்கள். மருந்து அடித்த தோட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சிக்கொல்லி படிந்த இலையை வைத்துப் பாக்டீரியாச் சோதனை செய்தால் என்ன அர்த்தம்? பறித்த ஊர், தேதி, மரத்தின் வகை எல்லாம் அன்றைக்கே நோட்டில் ஏறட்டும்.

பூவோ காயோ உள்ள ஒரு கிளையையும் ஒடித்துச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். செடி அடையாளச் சான்றிதழுக்கு அது தேவைப்படும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. பக்கத்தில் தாவரவியல் துறை இருந்தால் அங்கேயே கேட்டுப் பார்க்கலாம். கொய்யாவுக்கு எதற்குச் சான்றிதழ் என்று சிரிக்காதீர்கள். நொச்சி, துளசி மாதிரி பல வகை உள்ள செடிகளில் இது இல்லாமல் கட்டுரை நகராது.

குழாய்த் தண்ணீரில் கழுவி, கடைசியாக வாலைவடிநீரில் ஒரு அலசு. நிழலில் வெள்ளைத் துணி அல்லது பிரவுன் பேப்பர் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். ஏழு முதல் பத்து நாளில் இலை கையில் பிடித்தால் நொறுங்கும் பதத்துக்கு வரும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெற்றிலை, துளசி போன்றவற்றில் வாசனை எண்ணெய் பறந்துவிடும். கொய்யா கொஞ்சம் தாங்கும், ஆனாலும் வேண்டாம். மழைக்காலமாக இருந்தால் தினமும் புரட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை வரும். உலர்ந்ததை மிக்ஸியில் அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பெயரும் தேதியும் ஒட்டுங்கள். வீட்டு மிக்ஸியில் அரைத்தால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சாறு எடுப்பது

இங்கேதான் பெரும்பாலான புராஜெக்டுகள் கெடுகின்றன. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

50 கிராம் பொடிக்கு 500 மில்லிலிட்டர் எத்தனால். கூம்புக் குடுவையில் போட்டு, பஞ்சடைத்து, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி வையுங்கள். 72 மணி நேரம் ஊறட்டும். ஷேக்கர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கையால் குலுக்கினால் போதும். அப்புறம் மஸ்லின் துணியில் பிழிந்து, வாட்மேன் 1 வடிதாளில் வடிகட்டுங்கள். பச்சையும் பழுப்புமாக ஒரு திரவம் கிடைக்கும்.

எத்தனால் வாங்குவதற்கு மதுவிலக்கு ஆயத்தீர்வை அனுமதி வேண்டும். பல கல்லூரிகளில் அந்த உரிமம் இருக்காது, ஆகவே மெத்தனாலைக் கையில் கொடுப்பார்கள். பிளேட் சோதனைக்கு மெத்தனாலும் போதும். ஆனால் மெத்தனால் விஷம். அந்தச் சாறு எக்காரணத்தைக் கொண்டும் யார் வாயிலும் படக்கூடாது. குடுவையின் மேல் அப்படியே எழுதி ஒட்டுங்கள். தண்ணீரில் எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். டானின் தண்ணீரிலும் இறங்கும். ஆனால் தண்ணீர்ச் சாறு ஒரே நாளில் கெட்டுப்போகும். கூடவே சர்க்கரையும் இறங்கும், சர்க்கரை மியூட்டன்ஸுக்குத் தீனி. முதல் தடவைக்கு எத்தனாலோ மெத்தனாலோதான் வசதி.

இப்போது கரைப்பானை விரட்ட வேண்டும். ரோட்டரி எவாப்பரேட்டர் இருந்தால் 40 டிகிரியில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அகலமான கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஃப்யூம் ஹூடுக்குள் 40–45 டிகிரி நீர்த்தொட்டியின் மேல் வையுங்கள். பக்கத்தில் பன்சன் பர்னரோ வேறு தீயோ கூடாது.

நான் கெடுத்தது இந்தக் கட்டத்தில்தான். தட்டில் கரும்பச்சையாக, வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுவென்று வந்ததும் ‘ஆயிற்று’ என்று எடுத்துவிட்டேன். மறுநாள் பிளேட்டில் பெரிய பெரிய வட்டங்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லேப் உதவியாளர் அண்ணன் ஒருவர், முப்பது வருடம் அங்கேயே இருந்தவர், அந்தக் குப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“ஏம்மா, இதுல ஸ்பிரிட் வாடை அடிக்குதே. கிருமியை உன் கொய்யா கொன்னுச்சா, ஸ்பிரிட் கொன்னுச்சா?”

“கன்ட்ரோல் போட்டிருக்கேன் அண்ணே.”

“கன்ட்ரோல்ல என்னம்மா ஊத்தின?”

கன்ட்ரோல் என்பது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இலைச்சாறு இல்லாமல் வைக்கும் குழி. அதில் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தேன். என் சாறில் மிச்சமிருந்த எத்தனாலுக்குப் பதில் சொல்ல அந்தக் குழியில் எதுவும் இல்லை. பன்னிரண்டு பிளேட்டும் அன்றைக்கே ஆட்டோகிளேவுக்குப் போயின.

ஆகவே எடை பார்த்து முடிவு செய்யுங்கள், கண்ணை நம்பாதீர்கள். காலித் தட்டின் எடையை முதலிலேயே குறித்து வையுங்கள். சாறு கெட்டியானதும் ஒரு எடை. திரும்ப வைத்து, சில மணி நேரம் கழித்து இன்னொரு எடை. அடுத்தடுத்து இரண்டு எடையும் ஒன்றாக இருந்தால்தான் கரைப்பான் போய்விட்டது என்று அர்த்தம். காலித் தட்டு 82.4 கிராம், சாறோடு 88.1 கிராம் என்றால் கிடைத்தது 5.7 கிராம். 50 கிராம் பொடியிலிருந்து இது 11.4 சதவீதம். இந்தச் சதவீதத்தை அறிக்கையில் கட்டாயம் எழுதவேண்டும்.

அடுத்தது கரைப்பது. 500 மில்லிகிராம் சாறை முதலில் 0.5 மில்லிலிட்டர் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் நன்றாகக் கலக்குங்கள். பிறகு கிருமி நீக்கிய தண்ணீரை விட்டு 5 மில்லிலிட்டர் ஆக்குங்கள். இப்போது மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சாறு, அதில் 10 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. நெகட்டிவ் கன்ட்ரோலும் இதே 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ.தான். சாறில் என்னென்ன இருக்கிறதோ, இலையைத் தவிர அத்தனையும் கன்ட்ரோலில் இருக்க வேண்டும். 50, 25 மில்லிகிராம் அளவுகளுக்கு நீர்க்கும்போதும் தண்ணீரை ஊற்றாமல் இதே 10 சதவீதக் கரைசலையே ஊற்றுங்கள்.

பி.எச். தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ரொம்ப அமிலமாக இருந்தால் அந்தப் புளிப்பே கிருமியைத் தடுக்கக்கூடும். எலுமிச்சை, புளி மாதிரியான பொருள்களை எடுக்கிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். எண்ணைக் குறித்துவைத்தால், பின்னால் தேர்வாளர் கேட்கும்போது உதவும்.

கல்ச்சரை எழுப்புவது

ஆம்பூலோடு வரும் தாளில் எந்த ஊடகம் (கிருமி வளர்க்கும் சத்துக் கலவை), எத்தனை டிகிரி என்று இருக்கும், அதை மீறாதீர்கள். பொதுவாகப் பிரெயின் ஹார்ட் இன்ஃப்யூஷன், சுருக்கமாக பி.எச்.ஐ., மியூட்டன்ஸுக்குப் பிடித்த சாப்பாடு. முல்லர் ஹின்டன் அகாரில் நேரடியாகப் போட்டுவிட்டு வளரவில்லை என்று புலம்புவார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதில் சரியாக வளராது; 5 சதவீத ஆட்டு ரத்தம் சேர்க்க வேண்டும், அல்லது பி.எச்.ஐ. அகாருக்கே போய்விட வேண்டும். ரத்தத்துக்கு அலையாமல் இருக்க நான் இரண்டாவதைச் சொல்வேன்.

37 டிகிரி, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு. சி.ஓ.2 இன்குபேட்டர் இல்லாவிட்டால் கேண்டில் ஜார் போதும். அகல வாய் ஜாடியில் பிளேட்டுகளை அடுக்கி, மேலே சின்ன மெழுகுவர்த்தி ஏற்றி, மூடியில் வாசலின் தடவி இறுக்கி மூடுங்கள். தீ தானாக அணையும்போது உள்ளே சுமார் 3 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கும். 24 மணியில் குண்டூசி முனை அளவுக் காலனி (கிருமிக் கூட்டம்) தெரியும். சில சமயம் 48 மணியாகும்.

வளர்ந்ததும் கிராம் ஸ்டெயின் என்ற சாயமேற்றலைச் செய்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். ஊதா நிறத்தில் கோத்த மணி மாதிரித் தெரிய வேண்டும். சில நேரம் உருண்டை கொஞ்சம் நீண்டு, குட்டைக் குச்சி மாதிரி இருக்கும். ‘கலப்படம் ஆகிவிட்டது’ என்று அழுதபடி வந்த மாணவிகள் உண்டு. 1924இல் ஜே. கிலியன் கிளார்க் சொத்தைப் பல்லிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தபோது அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸின் உருமாறிய வடிவமோ என்று நினைத்துத்தான் மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். சந்தேகம் தீர, காலனியைக் கண்ணாடிச் சில்லில் எடுத்து ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விடுங்கள். நுரைக்கக் கூடாது. நுரைத்தால் அது ஸ்டஃபைலோகாக்கஸாகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கும், அப்போது அழலாம்.

கல்ச்சரில் ஒரு பகுதியைக் கிளிசரால் சேர்த்து ஃப்ரீசரில் பத்திரப்படுத்துங்கள். ஒரே பிளேட்டை வாரக்கணக்கில் வைத்து அதிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால் கலப்படம் நிச்சயம்.

பிளேட் நாள்

ஊடகத்தை 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து, கன்னத்தில் வைத்தால் தாங்குகிற சூடு வந்ததும், அதாவது 45–50 டிகிரியில், 90 மில்லிமீட்டர் பிளேட்டுக்கு 25 மில்லிலிட்டர் வீதம் ஊற்றுங்கள். 4 மில்லிமீட்டர் உயரம் வரும். இந்த உயரம் பிளேட்டுக்குப் பிளேட் மாறினால் வட்டத்தின் அளவும் மாறும். குத்துமதிப்பாக ஊற்றாமல் அளந்து ஊற்றச் சொல்வது அதனால்தான்.

கிருமிக் கலவைக்கு 0.5 மெக்ஃபார்லாண்ட் அளவு; கலங்கலை வைத்துக் கிருமி எண்ணிக்கையை மதிப்பிடும் அளவுகோல் அது. ஒரு சதவீத சல்ஃப்யூரிக் அமிலம் 9.95 மில்லிலிட்டரில் 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.05 மில்லிலிட்டர் சேர்த்தால் அந்தக் கலங்கல் வரும். பக்கத்தில் உப்புநீர்க் குழாயைப் பிடித்து, பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையை வைத்து, இரண்டிலும் கோடு ஒரே மாதிரி மங்கும்வரை காலனியைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அப்போது மில்லிலிட்டருக்குச் சுமார் 15 கோடி செல்கள் இருக்கும். பதினைந்து நிமிடத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

பஞ்சு ஸ்வாபை முக்கி, குழாயின் உள்சுவரில் அழுத்திப் பிழிந்துவிட்டு, பிளேட் முழுக்க இடைவெளி இல்லாமல் தேயுங்கள். பிளேட்டை 60 டிகிரி திருப்பி மறுபடியும். இன்னொரு முறை திருப்பி மறுபடியும். கடைசியில் ஓரத்தைச் சுற்றி ஒரு இழுப்பு. ஐந்து நிமிடம் மூடி வைத்து ஈரம் இழுக்க விடுங்கள்.

6 மில்லிமீட்டர் கார்க் போரரை ஸ்பிரிட்டில் முக்கித் தீயில் காட்டி, ஆறவிட்டு, குழி குத்துங்கள். சூட்டோடு குத்தினால் அகார் உருகி ஓரம் கெட்டுப்போகும். ஒரு பிளேட்டுக்கு ஐந்து குழி: 100, 50, 25 மில்லிகிராம் சாறுகள், நெகட்டிவ், பாசிட்டிவ். எந்தக் குழி எது என்று குத்துவதற்கு முன்னாலேயே பிளேட்டின் அடிப்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும். குழிக்குள் உருகிய அகார் ஒரு சொட்டு விட்டு அடியை அடைத்துவிட்டால், சாறு அகாருக்குக் கீழே புகுந்து ஓடாது. இது தெரியாமல் கோணல்மாணலான வட்டத்தோடு வருகிறவர்கள் நிறைய.

குழிக்கு எவ்வளவு ஊற்றலாம்? ஆரம் 3, உயரம் 4 மில்லிமீட்டர். 3.14ஐ 3ஆல், மறுபடி 3ஆல், பிறகு 4ஆல் பெருக்கினால் சுமார் 113 மைக்ரோலிட்டர். அடியில் ஒரு சொட்டு அகார் இருப்பதால் 50 மைக்ரோலிட்டர் பத்திரமான அளவு.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு, அதாவது கிருமியைத் தடுக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த பொருளுக்கு, 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின். பல் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் மவுத்வாஷ்தான், மருந்துக்கடையிலேயே கிடைக்கும். மற்ற மருந்துகளும் வாசனைப் பொருளும் சேர்க்காத எளிய வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஊற்றியபின் அரைமணி நேரம் அசைக்காமல் வெளியே வைத்து, சாறு அகாருக்குள் இறங்க விடுங்கள். அப்புறம் ஜாடிக்குள். இன்குபேட்டரில் பிளேட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று முதல் வருடத்திலிருந்து சொல்லிக்கொடுத்திருப்பார்கள். குழியில் திரவம் இருக்கும்போது மட்டும் நிமிர்த்தியே வையுங்கள். பழக்கதோஷத்தில் கவிழ்த்துவிட்டு மூடியெல்லாம் பச்சையாக நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதையே மூன்று வெவ்வேறு நாட்களில், ஒவ்வொரு நாளும் புதிதாகக் கிருமிக் கலவை தயாரித்துச் செய்யுங்கள். ஒரே கலவையில் ஒரே நாளில் மூன்று பிளேட் போட்டால், உங்கள் கை எவ்வளவு சீராக இருக்கிறது என்பதுதான் தெரியும்.

வட்டத்தை அளப்பது, அதை நம்புவது

24 மணி கழித்து எடுத்ததும் முதலில் நெகட்டிவ் குழியைப் பாருங்கள். அதைச் சுற்றிக் கிருமி குழியின் ஓரம்வரை வளர்ந்திருக்க வேண்டும். அங்கே வட்டம் இருந்தால் மற்றதை அளக்கவே வேண்டாம். அடுத்தது பாசிட்டிவ். அங்கே வட்டம் இல்லாவிட்டால் கிருமியோ மருந்தோ ஊடகமோ சரியில்லை. இரண்டும் சரி என்றால் ஸ்கேலைக் கையில் எடுங்கள்.

பிளேட்டின் அடிப்பக்கத்திலிருந்து, குழியையும் சேர்த்து, இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். குழியே 6 மில்லிமீட்டர் என்பதால், ‘6 மில்லிமீட்டர்’ என்று வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். அதை ‘6 மி.மீ. தடுப்பு வட்டம்’ என்று அட்டவணையில் போட்ட அறிக்கைகளையும் பார்த்தாகிவிட்டது.

இனி நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். உங்கள் 100 மில்லிகிராம் சாறு 17 மில்லிமீட்டரும் குளோர்ஹெக்சிடின் 18 மில்லிமீட்டரும் காட்டின என்று வைத்துக்கொள்வோம். ‘கொய்யா இலை மவுத்வாஷுக்கு நிகரானது’ என்று எழுதக் கை துடிக்கும். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 100 மில்லிகிராம் சாறில் 50 மைக்ரோலிட்டர் என்றால் குழிக்குள் போனது 5 மில்லிகிராம். 0.2 சதவீதம் என்பது மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம்; அதில் 50 மைக்ரோலிட்டர் என்றால் 0.1 மில்லிகிராம். ஐம்பது மடங்கு பொருளைக் கொட்டித்தான் உங்கள் இலை பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. அதில் பெரும்பகுதி பச்சையமும் சர்க்கரையும் மெழுகும்தான் என்பது உண்மை. வேலை செய்யும் பொருள் ஒரு துளியாகக்கூட இருக்கலாம். ஆனால் பிரித்துப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியூர்த் தேர்வாளர் இந்த ஐம்பதைக் கேட்டால் சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

வட்டத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. சின்ன மூலக்கூறு அகாரில் வேகமாகப் பரவும். பெரிய டானின் மெதுவாக நகரும். எண்ணெய்த் தன்மை உள்ளது குழியைவிட்டே நகராது. ஆகவே வெற்றிலைக்கு 20, கொய்யாவுக்கு 15 என்றால் வெற்றிலைதான் வலியது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வட்டம் ‘ஏதோ இருக்கிறது’ என்று காட்டும் அடையாளம். அளவு சொல்ல எம்.ஐ.சி. வேண்டும்.

எம்.ஐ.சி.: 96 குழித் தட்டு

கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த செறிவுதான் எம்.ஐ.சி. மைக்ரோபிப்பெட் பழக்கம் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் போட்டுவிடலாம்.

100 மில்லிகிராம் சாறை பி.எச்.ஐ. பிராத்தில் (அகார் சேர்க்காத திரவ ஊடகத்தில்) ஐந்து மடங்கு நீர்த்து 20 மில்லிகிராம் ஆக்குங்கள். வரிசையில் முதல் பத்துக் குழிக்கும் வெறும் பிராத் 100 மைக்ரோலிட்டர். முதல் குழியில் சாறு 100 விட்டுக் கலக்கி, அதிலிருந்து 100 எடுத்து இரண்டாவதில், அங்கிருந்து மூன்றாவதில் என்று பத்தாவது வரை போய், கடைசி 100ஐக் கழித்துவிடுங்கள். 0.5 மெக்ஃபார்லாண்ட் கலவையில் 0.1 மில்லிலிட்டர் எடுத்து 14.9 மில்லிலிட்டர் பிராத்தில் நீர்த்து, ஒவ்வொரு குழிக்கும் 100 சேருங்கள். இப்போது முதல் குழியில் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம். ஒவ்வொரு குழிக்கும் பாதி பாதியாகக் குறைந்து பத்தாவதில் 10 மைக்ரோகிராமுக்குப் பக்கம். பதினொன்றில் சாறு இல்லாமல் கிருமியும் அதே அளவு டி.எம்.எஸ்.ஓ.வும், பன்னிரண்டில் வெறும் பிராத்.

24 மணி கழித்துக் கலங்கலைப் பார்க்கலாம் என்றால், கொய்யாச் சாறே தேநீர் நிறத்தில் இருக்கும், ஒன்றும் தெரியாது. அதற்குத்தான் ரெசசூரின் என்ற நீலச் சாயம். 0.015 சதவீதக் கரைசலில் 30 மைக்ரோலிட்டர் விட்டு இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள். உயிருள்ள கிருமி இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். நீலமாகவே நிற்கும் கடைசிக் குழியின் செறிவுதான் உங்கள் எம்.ஐ.சி. தாவரப் பாலிஃபீனால்கள் தாமாகவே இந்த நிறத்தை மாற்றக்கூடும் என்பதால், கிருமி சேர்க்காமல் சாறும் சாயமும் மட்டும் உள்ள இன்னொரு வரிசை அவசியம்.

நீலக் குழிகளிலிருந்து ஒரு துளியைப் புதிய பி.எச்.ஐ. பிளேட்டில் வைத்துப் பாருங்கள். சாயம் சேர்ப்பதற்கு முன் எடுத்து வைத்துவிடுவது இன்னும் நல்லது. மறுநாள் காலனி வந்தால் சாறு கிருமியைக் கொல்லவில்லை, வளர்ச்சியை நிறுத்தி மட்டும் வைத்திருக்கிறது.

வந்த எண் பெரிதா சிறிதா? சுத்திகரிக்காத சாறு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் பெரிதாகக் கொண்டாட ஒன்றும் இல்லை என்பது இந்தத் துறையில் பரவலாக ஏற்றுக்கொண்ட எல்லை. குளோர்ஹெக்சிடினின் எண் மைக்ரோகிராம் கணக்கில் வரும். உங்கள் எண் 2.5 மில்லிகிராம் என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். அதற்காக மதிப்பெண் குறைத்த தேர்வாளரை நான் இதுவரை பார்த்ததில்லை, இல்லாத 0.1ஐ எழுதி மாட்டிக்கொண்டவரைப் பார்த்திருக்கிறேன்.

பல்லில் இருக்கும் கிருமி பிராத்தில் மிதப்பது மாதிரி மிதப்பதில்லை. தன் பசைக்குள் படலமாக ஒட்டிக்கிடக்கிறது. அங்கே அதை அசைக்கப் பல மடங்கு செறிவு தேவைப்படும். நேரம் மிச்சமிருந்தால் சுக்ரோஸ் சேர்த்து வளர்த்து, கிரிஸ்டல் வயலட் சாயத்தால் படலத்தை அளக்கும் சோதனையையும் சேர்க்கலாம். இல்லாவிட்டால் முடிவுரையில் ஒரு வரியாவது இதைச் சொல்லுங்கள்.

வீட்டில் கேட்பார்கள்

‘அப்போ கொய்யா இலையைக் கொதிக்க வைத்துக் கொப்பளிக்கலாமா?’ சித்தியிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வரை கேட்பார்கள். கழுவிய நாலைந்து இலையைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கொப்பளித்துத் துப்புவதில் பெரிய கெடுதல் இல்லை. டானின் இருப்பதால் வாய் துவர்க்கும், ஈறு இறுகினாற்போல இருக்கும். ஆனால் உங்கள் பிளேட் முடிவு இதற்குச் சான்று ஆகாது. நீங்கள் சோதித்தது எத்தனால் சாறு, 24 மணி நேரம் கிருமியோடு இருந்தது. வாயில் கஷாயம் நிற்பது அரை நிமிடம். ஃபுளோரைடு பற்பசையால் இரண்டு வேளை துலக்குவதை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லாதீர்கள். குழி விழுந்த பல்லுக்கும் வீங்கிய ஈறுக்கும் பல் மருத்துவர்தான்.

வெற்றிலையைச் சோதித்தவர்கள் இன்னும் கவனமாகப் பேச வேண்டும். வெற்றிலையில் ஹைட்ராக்சிசவிக்கால் என்ற வலுவான கிருமித்தடுப்புப் பொருள் உண்டு, உண்மைதான். அதைக் கேட்டதும் தாத்தா பாக்கும் சுண்ணாம்பும் மடித்து ‘பார்த்தியா, நான் சொன்னேன்ல’ என்பார். பாக்கு புகையிலை இல்லாமலே புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தாத்தாவிடம் இலையையும் பாக்கையும் பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

முடித்த பிறகு

பிளேட்டுகளைக் குப்பையில் போடுவதற்கு முன் கறுப்புத் துணி மேல் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் தெரிய, பெயர் எழுதிய அடிப்பக்கத்தோடு படம் எடுங்கள். மூடியில் நீர்த்துளி படிந்திருந்தால் படம் மங்கும்; லாமினாருக்குள் (சுத்திகரித்த காற்று வீசும் வேலைப் பெட்டிக்குள்) மூடியைத் திறந்து துடைத்துக்கொள்ளலாம். அப்புறம் எல்லாப் பிளேட்டும், ஸ்வாபும், பிப்பெட் முனைகளும் பையில் கட்டி ஆட்டோகிளேவுக்கு. மிச்சச் சாறை அம்பர் நிறக் குப்பியில் 4 டிகிரியில் வையுங்கள், வைவா முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். தேர்வாளர் குப்பியைத் திறந்து முகர்ந்து பார்க்கக் கேட்டாலும் கேட்பார்.